லேன்யார்டு வாங்கும் முன் கொக்கி மாட்டும் இடத்தைப் பாருங்கள்

ஓசூரில் ஹார்டுவேர் கடைக்குப் போய் "சேஃப்டி பெல்ட் ஒண்ணு குடுங்க" என்றால் கடைக்காரர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சிங்கிள் ஹூக்கா, டபுள் ஹூக்கா?" பதில் சொன்னதும் பில் போட்டுவிடுவார். எந்த உயரத்தில் வேலை, கொக்கியை எதில் மாட்டப்போகிறார்கள், காலுக்குக் கீழே எவ்வளவு இடம், பக்கத்தில் வெல்டிங் உண்டா, ஆசிட் உண்டா என்பதெல்லாம் பேச்சிலேயே வராது. சிப்காட்டில் இருக்கிற பெரிய கம்பெனிகளில் இதைப் பார்க்கத் தனி ஆள் உண்டு. சூளகிரியிலும் பர்கூரிலும் ஷெட் போடுகிற சின்ன காண்ட்ராக்டரிடம் அப்படி யாரும் இல்லை. இந்தப் பதிவு அவருக்கும் அவருடைய மேஸ்திரிக்கும்.

உடம்பில் மாட்டுவது ஹார்னஸ். ஹார்னஸையும் கட்டடத்தையும் இணைப்பது லேன்யார்டு. இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட்டை விழுந்தால் தாங்குவதற்கென்று இன்னும் விற்கிறார்கள், வாங்காதீர்கள். அமெரிக்காவில் 1998 ஜனவரி முதலே அந்த உபயோகத்துக்குத் தடை. நிறுத்தும்போது வரும் அதிர்ச்சி முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும், ஆள் இரண்டாக மடிவார். தொடை, தோள், மார்பு எல்லாவற்றையும் பிடிக்கும் ஃபுல் பாடி ஹார்னஸ் மட்டுமே இதற்கு ஆகும். முதுகில் தோள்பட்டைகளுக்கு நடுவே இருக்கும் டி வளையத்தில்தான் லேன்யார்டு.

கொக்கியை முதலில் பார்ப்போம். சாரத்துக்கு வாங்கும் 40 என்.பி. (பைப்பின் பெயரளவு) பைப்பின் வெளிவிட்டம் 48.3 மி.மீ. மலிவு லேன்யார்டில் வரும் சின்ன ஸ்னாப் ஹூக்கின் வாய் 18, 20 மி.மீ.தான் திறக்கும், பைப்பில் ஏறாது. ஏறாத கொக்கியை வைத்துக்கொண்டு மேலே நிற்பவர் என்ன செய்வார்? கயிற்றைப் பைப்பில் ஒரு சுற்று சுற்றி, கொக்கியை அதே கயிற்றில் திருப்பி மாட்டிக்கொள்வார். கீழேயிருந்து பார்க்கும் சூப்பர்வைசருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். விழும்போது கயிறு கொக்கியின் நாக்கைப் பக்கவாட்டில் நெருக்கும். அந்தத் திசையில் கொக்கிக்கு இருக்கும் பலம் நேர்த் திசையில் இருப்பதைவிடக் குறைவு. சுற்றிய கயிறும் தன் மேலேயே உரசி அறுபடும். திருப்பி மாட்டுவதற்கென்றே செய்த லேன்யார்டு தனியாக உண்டு. லேபிளில் அப்படிப் போட்டிருந்தால் ஒழிய இந்த வேலை கூடாது. சாரத்துக்கு அகலவாய் ஸ்கேஃபோல்ட் ஹூக்கே வேண்டும். 50 மி.மீ. வாய் புதுப் பைப்பில் ஏறும். சிமென்ட் ஒட்டிய பழைய பைப்பில் சிக்கும், சிக்கினால் ஆள் மாட்டாமலே விட்டுவிடுவார். 55க்குக் கீழே போகாதீர்கள்.

ஷெட் கூரையில் கதை வேறு. அங்கே பைப் கிடையாது, ஷீட்டைத் தாங்கும் இசட் வடிவத் தகட்டுச் சட்டமான இசட் பர்லின்தான். இரண்டு மி.மீ. தகட்டில் ஆளைத் தொங்கவிடும் பலத்தை எதிர்பார்க்கக் கூடாது, அதன் விளிம்பும் பட்டையை அறுத்துவிடும். பர்லினைத் தாங்கும் பெரிய சட்டமான ராஃப்டரையோ தூணையோ சுற்றி ஒரு ஆங்கர் ஸ்லிங் (கொக்கிக்குப் பிடிமானம் தரும் பட்டை வளையம்) போட்டு, அதில் கொக்கியை மாட்ட வேண்டும். ஸ்லிங் 22 கிலோநியூட்டனுக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒரு கிலோநியூட்டன் என்றால் ஏறக்குறைய 100 கிலோ எடை தொங்குவதற்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்லிங்கைத் தன்னுள்ளேயே நுழைத்துச் சுருக்குப் போட்டால் பலம் குறையும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ராஃப்டரின் விளிம்பில் பழைய ஃபயர் ஹோஸ் துண்டு ஒன்றைக் கிழித்துச் சுற்றினால் போதும், வெட்டாது. கேபிள் ட்ரே, ஸ்பிரிங்க்ளர் பைப், தண்ணீர் லைன், ஏணி, சாரத்தின் குறுக்கு பிரேஸ் எதுவும் ஆங்கர் இல்லை. இவற்றில்தான் கொக்கி தொங்குவதை அதிகம் பார்க்கலாம், ஏனென்றால் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருப்பவை இவைதான்.

இனி கீழே பார்க்க வேண்டிய கணக்கு. இதைப் போடாமல் வாங்கிய லேன்யார்டு ஆளைத் தரையில் மோதவிட்ட பிறகுதான் நிறுத்தும்.

லேன்யார்டும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து நீளம் அதிகபட்சம் 2 மீட்டர். அப்சார்பர் என்பது மடித்துத் தைத்த பட்டை. விழும் வேகத்தில் தையல் வரிசையாகப் பிரிந்து அதிர்ச்சியை விழுங்கும். இ.என். 355 என்ற ஐரோப்பியத் தரப்படி 100 கிலோ எடையை 4 மீட்டர் விழவிட்டாலும் உடம்புக்கு வரும் விசை 6 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது, பட்டை 1.75 மீட்டருக்கு மேல் பிரியக் கூடாது. முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை சுமார் 1.5 மீட்டர். கைவசம் 1 மீட்டர் இடைவெளி. ஆக, 2, 1.75, 1.5, 1 எல்லாம் கூட்டினால் 6.25 மீட்டர். கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே இவ்வளவு வெற்றிடம் வேண்டும். அடியில் சொன்னால் இருபதரை அடி.

நம் பக்கம் ஷெட் என்றால் பெரும்பாலும் இருபது அடி. கூரையில் காலடியில் கொக்கியை மாட்டிவிட்டு ஃபைபர் ஷீட்டில் கால் வைத்து உள்ளே போனால், கணக்குப்படி வேண்டிய வெற்றிடம் அவருக்குக் கிடைக்காது, கைவசம் வைத்த இடைவெளியிலேயே கை வைக்க வேண்டிவரும். உள்ளே மெஷினோ ஸ்டாக்கோ இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் வெற்றிடம் தரை வரைக்கும் கிடையாது, மெஷினின் தலை வரைக்கும்தான். அதே லேன்யார்டைத் தலைக்கு மேலே மாட்டினால் விழும் தூரம் வெகுவாகக் குறையும், அப்சார்பரும் குறைவாகத்தான் பிரியும். காலடியில் மாட்டுவது, மார்பு உயரத்தில் மாட்டுவது, தலைக்கு மேல் மாட்டுவது என்ற மூன்றில் எது என்பதுதான் எந்த பிராண்டு என்பதைவிட முக்கியம்.

அப்சார்பரே இல்லாத வெறும் இரண்டு மீட்டர் கயிறும் கடையில் கிடைக்கிறது, விலையும் குறைவு. காலடியில் மாட்டி விழுந்தால் அது உடம்பில் 10 கிலோநியூட்டனுக்கு மேல் இறக்கிவிடும். அது கம்பத்தில் சாய்ந்து வேலை செய்யும் பொசிஷனிங் வேலைக்கும், விளிம்பு வரை போகவிடாமல் கட்டிவைக்கும் வேலைக்கும் மட்டுமே ஆனது. இந்தக் கட்டிவைக்கும் முறை நம் ஊரில் அநியாயத்துக்குப் புறக்கணிக்கப்படுகிறது. மொட்டைமாடியில் சோலார் பேனல் மாட்டுகிறார்கள், ஆங்கரிலிருந்து விளிம்பு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கயிறும் ஆளின் கை நீளமும் சேர்ந்து விளிம்பைத் தாண்டாதபடி நீளத்தைப் பூட்டிவிட்டால் ஆள் விழவே முடியாது. விழாதவருக்கு 6.25 மீட்டர் கணக்கும் தேவையில்லை, மீட்பதற்கு ஆளும் தேவையில்லை. நீளம் மாற்றும் கிரிப் உள்ள லேன்யார்டாகப் பார்த்து வாங்குங்கள்.

கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் ஃபேக்டரிகளில் லாரி மேல் ஏறித் தார்ப்பாய் கட்டுபவர்களுக்கு மேலே சொன்ன எந்த லேன்யார்டும் பயன்படாது. அந்த உயரம் 12, 13 அடிதான். இரண்டு மீட்டர் லேன்யார்டின் அப்சார்பர் பிரிந்து முடிவதற்குள் தரை வந்துவிடும். அங்கே மேலே ஒரு ரெயில் போட்டு, தானாகச் சுருட்டிக்கொள்ளும் ஃபால் அரெஸ்டர் பிளாக் தொங்கவிடுவதே வழி. இ.என். 360 தரத்தில் அது 2 மீட்டருக்குள் நிறுத்தியாக வேண்டும். தலைக்கு நேர்மேலே இருந்தால்தான் இது. பக்கவாட்டில் நகர்ந்து நின்றால் ஊஞ்சல் மாதிரி வீசி லாரி பாடியிலோ தூணிலோ அடிக்கும். செங்குத்திலிருந்து 30 டிகிரிக்கு மேல் விலகி வேலை வேண்டாம்.

டபுள் ஹூக் லேன்யார்டைப் பற்றிப் பெரிய தவறு ஒன்று உண்டு. சாரத்தில் ஏறும்போது ஒரு கொக்கி மாட்டியிருக்க, அடுத்ததை மேலே மாட்டி, பிறகு கீழுள்ளதைக் கழற்ற வேண்டும், அதற்காகத்தான் இரண்டு. வேலை செய்யும் நேரத்தில் சும்மா இருக்கும் இன்னொரு கொக்கியை இடுப்பு டி வளையத்திலோ மார்பு வளையத்திலோ மாட்டி வைப்பார்கள், கால் தட்டாமல் இருக்க. அங்கேதான் சிக்கல். விழும்போது விசை லேன்யார்டின் அந்தக் கிளை வழியாகக் குறுக்கே பாய்ந்து, அப்சார்பரைப் பிரியவிடாமல் செய்துவிடும். ஹார்னஸின் தோள்பட்டையில் இதற்கென்று பிளாஸ்டிக் வளையம் ஒன்று இருக்கும், இழுத்தால் பிய்ந்துவிடும்படி செய்தது. சும்மா இருக்கும் கொக்கிக்கு இடம் அதுதான். காசு மிச்சம் என்று இரண்டு சிங்கிள் லேன்யார்டு வாங்கி இரண்டையும் சேர்த்து மாட்டுவதும் கூடாது: இரண்டு அப்சார்பர் பக்கத்தில் பக்கத்தில் இழுத்தால் 6 கிலோநியூட்டன் 12 ஆகிவிடும். நீளம் போதவில்லை என்று ஒன்றின் நுனியில் இன்னொன்றைக் கோப்பது இன்னும் ஆபத்து.

கொக்கியை மாட்டிக்கொண்டு நகர்வதற்காகக் கூரை நீளத்துக்கு வயர் ரோப் லைஃப் லைன் இழுப்பவர்கள் அதை எவ்வளவு விறைப்பாக இழுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைக்கிறார்கள். நேர்மாறு. 10 மீட்டர் இடைவெளியில் ஆள் விழும்போது நடுவில் 45 செ.மீ. மட்டுமே தொய்ந்தால், 6 கிலோநியூட்டன் சுமைக்கு இரண்டு முனைகளிலும் சுமார் 34 கிலோநியூட்டன், அதாவது மூன்றரை டன் இழுவிசை. ஒரு மீட்டர் தொய்ந்தால் அதே முனைகளில் 15தான். ஆனால் அந்தத் தொய்வு அப்படியே மேலே போட்ட 6.25 மீட்டர் கணக்கில் கூடும். ஹேண்ட்ரெயில் முனையில் லைஃப் லைன் கட்டுபவர்கள் இந்த மூன்றரை டன்னை நினைத்துக்கொள்ளட்டும். முனையில் ரோப்பை மடித்துப் பிடிக்கப் போடும் புல்டாக் கிளிப் குறைந்தது மூன்று; 10 மி.மீ. ரோப்புக்கு நான்கு போடுங்கள். கிளிப்புக்குக் கிளிப் 60 மி.மீ. இடைவெளி. சேணம் போன்ற அடிக்கட்டை சுமை வரும் ரோப்பில் உட்கார வேண்டும், யு போல்ட் வெட்டிய வால் பக்கம். மாற்றிப் போட்டால் யு போல்ட் சுமை ரோப்பை நசுக்கிவிடும். சுமை வந்த பிறகு நட்டுகளை மறுபடியும் ஒருமுறை முறுக்கியாக வேண்டும், ரோப் மெலிந்து கிளிப் தளர்ந்திருக்கும்.

பட்டை எதனால் ஆனது என்று லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கும்: பி.இ.எஸ். என்றால் பாலியெஸ்டர், பி.ஏ. என்றால் நைலான். நம் மாவட்டத் தொழில்களுக்கு இது வெறும் தகவல் இல்லை. கூழ் ஃபேக்டரியில் சீசன் நேரத்தில் டேங்கையும் லைனையும் காஸ்டிக் சோடாவாலும் நைட்ரிக் ஆசிடாலும் மாற்றி மாற்றிக் கழுவுவார்கள். கடுமையான காரம் பாலியெஸ்டரை அரிக்கும். ஆசிட் நைலானை அரிக்கும். இரண்டுமே தெறிக்கும் இடத்தில் எதை வாங்கினாலும் ஒன்றில் மாட்டும். கழுவும் நேரத்தில் டேங்க் மேல் வேலையை நிறுத்துவதும், தெறித்த பட்டையை அன்றைக்கே ஒதுக்குவதும்தான் சரி. நைலான் நனைந்தால் பலம் கொஞ்சம் குறையும், நீளும். மழையிலும் பாய்லர் ஆவியிலும் வேலை என்றால் பாலியெஸ்டர் தேவலை. கிரானைட் பாலிஷ் ஃபேக்டரியில் எதிரி வேறு. கல் அறுத்த சேறு பட்டையின் நெசவுக்குள் போய்க் காய்ந்து, ஒவ்வொரு மடிப்பிலும் இழையை உள்ளேயிருந்து அறுக்கும். வெளியே ஒன்றும் தெரியாது; விரலால் மடித்துப் பார்த்தால் நறநறவென்று இருக்கும். கொக்கியின் நாக்கிலும் அதே சேறு உறைந்து, ஸ்பிரிங் மூடாமல் பாதியில் நிற்கும். மிதமான சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட வேண்டும். கிரீஸ் போட்டுத் தள்ளினால் நாக்கு ஓடும், அடுத்த நாள் இரண்டு மடங்கு தூசு ஒட்டும்.

வெல்டிங், கேஸ் கட்டிங் பக்கத்தில் இந்த இரண்டு பட்டையும் வேண்டாம். நைலான் சுமார் 220 டிகிரியிலும் பாலியெஸ்டர் 260க்குக் கிட்டவும் உருகும். தெறிக்கும் தீப்பொறிக்கு அது ஒன்றுமே இல்லை. வயர் ரோப் லேன்யார்டு அல்லது அராமிட் (கெவ்லார் வகை இழை) பட்டை வாங்குங்கள். அராமிட் உருகாது, ஆனால் வெயில் அதற்கு ஆகாது, வேலை முடிந்ததும் மூடிப் பைக்குள் வைக்க வேண்டும். கரண்ட் லைன் பக்கத்தில் வயர் ரோப் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆளைக் கட்டியாயிற்று, கையில் இருக்கும் ஸ்பேனரை யார் கட்டுவது? அரைக் கிலோ ஸ்பேனர் 20 மீட்டரிலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது மணிக்கு 71 கிலோமீட்டர் வேகம், 98 ஜூல் ஆற்றல். ஹெல்மெட்டுக்கான இ.என். 397 சோதனையில் 5 கிலோவை 1 மீட்டரிலிருந்து போடுகிறார்கள், அது 49 ஜூல். ஹெல்மெட் போட்டிருக்கிறார்களே என்ற தைரியம் இங்கே உதவாது. டூல் டெதருக்கென்றே, அதாவது டூலைக் கட்டும் கயிற்றுக்கென்றே, அமெரிக்காவில் 2018இல் ஆன்சி 121 என்ற தரம் வந்தது. டெதரின் லேபிளில் எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. லேபிள் இல்லாத சுருள் கயிறு சாவிக்கொத்துக்கு ஆகும், ஸ்பேனருக்கு ஆகாது.

நடைமுறையில் 2.3 கிலோ வரையுள்ள டூலை ஆளின் டூல் பெல்ட்டில் கட்டலாம், அதற்கு மேல் போனால் கட்டடத்தில்தான் கட்ட வேண்டும். மணிக்கட்டில் கட்டுவது ஸ்க்ரூ டிரைவர், டெஸ்டர் மாதிரி சின்னச் சாமானுக்கு மட்டும். பேட்டரியோடு 2 கிலோ வரும் இம்பாக்ட் டிரைவரை மணிக்கட்டில் கட்டினால், அது நழுவிய நொடியில் மணிக்கட்டும் சேர்ந்து இழுபடும், ஆள் நிலை தடுமாறுவார். ஹார்னஸின் முதுகு வளையத்திலும் மார்பு வளையத்திலும் டூல் கட்டக் கூடாது.

ரிங் ஸ்பேனர் சுலபம், ஓட்டை இருக்கிறது, கண்ணியைச் சுருக்குப் போட்டால் முடிந்தது. ஓட்டை இல்லாத சுத்தியலுக்கும் பைப் ரெஞ்சுக்கும் தானே ஒட்டிக்கொள்ளும் சிலிகான் டேப்பால் டி வளையத்தை இறுக்கிச் சுற்றும் முறை உண்டு. கைப்பிடியில் டிரில் போட்டு ஓட்டை எடுக்காதீர்கள். சுத்தியல் அங்கேதான் முறியும். அதிகம் விழுவது ஸ்பேனர் இல்லை, ராட்செட்டிலிருந்து கழன்று வரும் சாக்கெட். ராட்செட்டை மட்டும் கட்டிவிட்டு சாக்கெட்டை மறந்துவிடுகிறோம். லாக் பின் ஒன்றும் ரப்பர் ரிங்கும் போட்டுப் பூட்டும் சாக்கெட்டாகப் பார்க்க வேண்டும். கார்ட்லெஸ் டூலின் பேட்டரியும் அப்படித்தான், தட்டினால் கழன்றுவிடும், அதற்குத் தனிக் கட்டு. ஆங்கிள் கிரைண்டரில் தொங்கும் நீளக் கயிறு டிஸ்க்கில் சுற்றிக்கொள்ளும்; பின்பக்கம் கட்டிக் குட்டையாக விடுங்கள். மின்சார ஒயரையே கயிறாக நினைத்துத் தொங்கவிடும் பழக்கம் போக வேண்டும். பைண்டிங் கம்பியால் கட்டுவதும் வேண்டாம், இரண்டு முறை முறுக்கினாலே ஒடியும். ஷீட் ஸ்க்ரூவையும் வாஷரையும் கட்ட முடியாது. வாய் சுருக்கும் பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். ஆடிக் காற்றில் வெட்டிய ஷீட் துண்டே பறக்கும்போது கீழே கயிறு கட்டி ஆள் நடமாட்டத்தைத் தடுப்பதையும் விடக் கூடாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி கல் குவாரிகளில் கட்ட வேண்டிய இன்னொன்று கம்ப்ரசர் ஹோஸ். ஜாக்ஹேமருக்குப் போகும் ஹோஸின் கப்ளிங் பிரஷரில் பிடுங்கிக்கொண்டால் இரும்பு முனையோடு சுழன்று அடிக்கும். இரண்டு ஹோஸ் முனைகளையும் பிடிக்கும் விப் செக் என்ற வயர் ரோப் விலை குறைவானது. அரை அங்குலத்துக்கு மேற்பட்ட உள்விட்டமுள்ள ஹோஸ் எல்லாவற்றுக்கும் போடுங்கள். தொளதொளவென்று மாட்டினால் பிரயோஜனம் இல்லை. முழு நீளத்துக்கு நீட்டி மாட்டினால்தான் ஹோஸ் வேகம் எடுக்கும் முன் பிடிக்கும்.

கழுத்தில் தொங்கும் ஐடி கார்டு டேக்கும் லேன்யார்டுதான். லேத், டிரில்லிங் மெஷின், கன்வேயர் பக்கம் போகிறவர் அதைக் கழற்றிச் சட்டைப் பையில் வைக்க வேண்டும், அல்லது இழுத்தால் பிடரியில் கழன்றுவிடும் கிளிப் உள்ளதாகக் கொடுக்க வேண்டும். ஆர்டர் கொடுக்கும் எச்.ஆர். இதை ஒரு வரி எழுதினால் போதும்.

விழுந்து தொங்குபவரை யார் இறக்குவது என்பதையும் ஏறும் முன்பே முடிவு செய்ய வேண்டும். அசையாமல் தொங்கினால் தொடைப்பட்டை ரத்த ஓட்டத்தை அழுத்தி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். ஹார்னஸில் மாட்டும் கால் மிதிப் பட்டை ஒரு ஜோடி இருந்தால் அதில் நின்று அழுத்தத்தைக் குறைக்கலாம். 108க்கு போன் போடுவதோடு நின்றுவிடக் கூடாது. ஏணியும் கயிறும் இறக்கத் தெரிந்த ஆளும் சைட்டிலேயே இருக்க வேண்டும்.

தினமும் மாட்டும் முன் பட்டையை ஒரு முழம் ஒரு முழமாக விரல் ஓட்டிப் பாருங்கள்: வெட்டு, தீப்பொறி ஓட்டை, நிறம் வெளுத்த இடம், பிரிந்த தையல், கிழிந்த அப்சார்பர் உறை, தானாக மூடாத நாக்கு. பெயர் எழுத மார்க்கரோ பெயின்டோ பட்டையில் வேண்டாம், அதிலுள்ள கரைப்பான் இழையைக் கெடுக்கும், லேபிளில் எழுதுங்கள். வருடம் ஒருமுறையாவது தெரிந்தவர் ஒருவர் பார்த்துத் தேதி போட்டுப் பதிவு செய்ய வேண்டும், கிரானைட் தூசில் உழைப்பதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை. லேபிள் படிக்க முடியவில்லை என்றாலே அது கழிவு. ஒருமுறை விழுந்து பிடித்தது, பார்க்க நன்றாக இருந்தாலும் கழிவு. கழித்ததை மூலையில் போடாமல் பட்டையைத் துண்டு துண்டாக வெட்டி, கொக்கியின் நாக்கைக் கிரைண்டரில் அறுத்துவிடுங்கள். முழுசாக விட்டால் அடுத்த வாரம் அது யாராவது தென்னை மரம் ஏறுபவரின் இடுப்பில் இருக்கும்.